கொல்பிழையும் மீட்சியும்: கணனி உரைபெயர்ப்பிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதன் ஆக்கிய எக்கருவியும் பிழைபடாதிருந்ததில்லை. ஏர் முறியும், தேரின் அச்சு இறும், கடிகாரம் நிற்கும். ஆயின் இவை பழுதுறும்போது அப்பழுது கண்ணுக்குப் புலனாகும். முறிந்த ஏரைக் கொண்டு எவரும் உழ முனைவதில்லை. கணனியின் நிலை இதனின்றும் வேறுபட்டது. சரியான எண்ணைக் கொண்டு கணிப்பது போன்றே தவறான எண்ணைக் கொண்டும் அது அதே வேகத்துடனும் அதே அமைதியுடனும் கணித்துச் செல்லும். ஆகவே, பிழை நேர்ந்துவிட்டது என்பதைக் கணனிக்கு உணர்த்துவதும், உணர்ந்தபின் அது யாது செய்யவேண்டும் என விதிப்பதும் செய்நிரல் எழுதுவோரின் பொறுப்பாயின.

மனிதர் எழுதும் செய்நிரலைக் கணனி நிறைவேற்றுவதற்கு இருவகை இடைநிலை ஏற்பாடுகள் உள்ளன. நூல் முழுவதையும் முன்னரே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளனைப் போன்றது ஒன்று. அது தொகுப்பி எனப்படும். ஒல்லாந்தர் காலத்துத் துபாசியைப் போல, ஒவ்வொரு கூற்றையும் கேட்ட கணத்திலேயே பொருள் விளக்கி நிறைவேற்றுவிப்பது மற்றையது. அது உரைபெயர்ப்பி எனப்படும். துபாசி பேச்சு முடியும்வரை அவையில் நிற்பவன். பேசுபவர் தவறாகப் பேசினால் அத்தவறு நேரும் கணத்தில் அவன் அங்கேயே இருக்கிறான். அத்தவறுக்காகத் துபாசியும் மூர்ச்சையுற்று வீழ்வானாயின் அவை முழுவதும் ஊமையாகிவிடும். எனவே பிழையை எதிர்கொள்வது எவ்வாறு என்னும் வினா உரைபெயர்ப்பியிடத்து மிகக் கூர்மையாக எழுகின்றது.

பிழைகளுள் சில திருத்திக்கொண்டு மேற்செல்லத்தக்கவை. வேறு சில, அவை நேர்ந்தபின் கணிப்பைத் தொடர்வதற்கே இடமளியாதவை. இல்லாத மாறியொன்றை நாடுதல், பூச்சியத்தால் வகுத்தல், நினைவகம் முற்றாகத் தீர்ந்துபோதல் என்பன இத்தகையன. செய்நிரலின் உயிரைப் போக்கவல்ல இப்பிழைகளை இக்கட்டுரை கொல்பிழை எனக் குறிக்கின்றது. கொல்பிழை நேர்ந்தபோது எதனை மடியவிடுவது, எதனைக் காப்பது, அதனை முடிவு செய்யும் உரிமை எவருக்குரியது என்னும் மூன்று வினாக்களுக்கும் கடந்த அறுபது ஆண்டுகளில் அளிக்கப்பட்ட விடைகளை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிஸ்ப் மொழியும் "எரர்செற்" என்னும் கருவியும்

உரைபெயர்ப்பிகளின் வரலாற்றில் லிஸ்ப் மொழி முதன்மையானதோர் இடத்தைப் பெறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்தி 1958 ஆம் ஆண்டளவில் இம்மொழியை வகுக்கத் தொடங்கினார். மொழியின் கூற்றுக்களை மதிப்பிடும் சார்பொன்றை அவர் கோட்பாட்டு நோக்கிலேயே எழுதியிருந்தார். அவரோடு பணியாற்றிய ஸ்ரீவ் றஸ்ஸல், அச்சார்பையே ஐ.பி.எம். 704 கணனியின் பொறிமொழியிற் கையால் எழுதிவிடலாம் என்றார். கோட்பாட்டையும் நடைமுறையையும் குழப்புகிறீர் என மக்கார்தி மறுத்தும் றஸ்ஸல் அதனைச் செய்து முடித்தார். லிஸ்ப் உரைபெயர்ப்பி இவ்வாறே தோன்றிற்று.

இம்மொழியின் தொடக்கக் காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை மக்கார்தி பின்னர் தாம் எழுதிய லிஸ்ப் வரலாற்றிற் குறிப்பிட்டுள்ளார். கைத்தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடியிருந்த அவையில் லிஸ்ப் மொழி செய்துகாட்டப்பட்டது. நிகழ்ச்சி மெதுவாகவெனினும் ஒழுங்காகச் சென்றுகொண்டிருந்தவேளை திடீரென நினைவகம் தீர்ந்துபோயிற்று. பயன்படாத நினைவக இடங்களைத் திரட்டி மீட்கும் "குப்பை சேகரிப்பி" உடனே இயங்கத் தொடங்கியது. அது வழமையாக ஒரு பக்க அளவிலான புள்ளிவிபரங்களை விரைவு அச்சுப்பொறியில் வெளியிடுவது. அன்று இணைக்கப்பட்டிருந்ததோ செக்கனுக்குப் பத்து எழுத்துக்களையே பொறிக்கும் தட்டச்சுப்பொறி. குப்பை சேகரிப்பி அழைக்கப்பட்டது என்ற அறிவித்தல் ஒவ்வோர் எழுத்தாக வெளிவர, அதுபற்றி முன்னர் ஏதும் அறிந்திராத அவையினர் நகைக்க, எஞ்சியிருந்த நேரம் முழுவதும் அதிலேயே கழிந்தது. ஒத்திகைக்குப் பின்னர் நினைவகத்தைப் புதுப்பிக்கத் தவறியமையே இதற்குக் காரணம். உண்மையில் அன்று மொழி மடியவில்லை. தன்னைத் தானே மீட்டுக்கொண்டது. ஆயினும் மீட்சியின் ஆரவாரமே நிகழ்ச்சியை முடித்துவைத்தது.

1962 ஆம் ஆண்டில் வெளிவந்த லிஸ்ப் 1.5 கைந்நூலில் "எரர்செற்" என்ற பெயருடைய கருவியொன்று விவரிக்கப்பட்டுள்ளது. ஐயத்துக்குரிய ஒரு கோவையை இக்கருவியினுள் வைத்து மதிப்பிடுமாறு கேட்கலாம். மதிப்பீடு செவ்வனே முடிந்தால் விடை ஒரு பட்டியலுள் இடப்பட்டுக் கிடைக்கும். பிழை நேர்ந்தால் வெறுமையைக் குறிக்கும் "நில்" என்ற பெறுமானம் கிடைக்கும். விடையே வெறுமையாக இருக்கும் நிலையையும் பிழையால் விளைந்த வெறுமையையும் வேறுபிரித்தறிவதற்காகவே விடையைப் பட்டியலுள் இடும் இவ்வேற்பாடு அமைந்தது. அதுமட்டுமன்று, அக்கோவை நினைவகத்தில் எத்தனை புதிய இணைகளை ஆக்கலாம் என்ற உச்சவரம்பையும் விதிக்க முடிந்தது. முடிவின்றி நினைவகத்தை விழுங்கும் கணிப்பை இவ்வரம்பு தடுத்து நிறுத்தும்.

இதன் வரலாற்று முக்கியத்துவம் யாதெனில், அதுவரை பிழை நேர்ந்தால் செய்நிரல் முழுவதும் மடிய நேரிட்டது; எரர்செற் வந்தபின் அதற்குட்பட்ட கணிப்பு மட்டும் மடிந்தது. மடிவுக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது. எனினும் அவ்வெல்லையின் உறுதி பற்றிக் கைந்நூல் ஒரு நிபந்தனையை விதிக்கத் தவறவில்லை. பிழை நேர்வதற்கு முன் உட்கணிப்பானது வெளியேயுள்ள மாறிகளை மாற்றாமலும் வேறு சேதம் விளைவிக்காமலும் இருந்தாற்றான் வேறொரு திசையிற் கணிப்பைத் தொடர முடியும் என்பதே அதன் சாரம். பிழையைப் பிடிப்பது எளிது. பிழைக்கு முன் பாதி செய்யப்பட்டவற்றை என்செய்வது என்பதே கடினம். பிற்கால வரலாறு முழுவதும் இந்நிபந்தனையின் விரிவுரையாகவே அமைகின்றது எனலாம்.

நாளடைவில் எரர்செற் தனது நோக்கத்தினின்றும் விலகிப் பயன்படுத்தப்பட்டது. ஆழமான கணிப்பொன்றிலிருந்து விரைவாக வெளியேறுவதற்குச் செய்நிரலாளர் வேண்டுமென்றே பிழையை எழுப்பி, அதனை மேலே பிடித்துக்கொண்டனர். இதனால் உண்மையான பிழைகளும் அதே வலையிற் சிக்கி ஓசையின்றி மறைந்தன. மக்லிஸ்ப் என்னும் வழித்தோன்றல் மொழியில் 1972 ஆம் ஆண்டு "பிடி", "எறி" எனப் பொருள்படும் "கச்", "த்றோ" என்ற தனிக்கருவிகள் இதன்பொருட்டே சேர்க்கப்பட்டன. வெளியேற விரும்பியவருக்கு வேறு வாயில் திறக்கப்பட்டதால் பிழையைப் பிடிக்கும் வலை பிழைக்கே உரியதாயிற்று.

சந்திரனை நோக்கி இறங்கிய உரைபெயர்ப்பி

மடிவுக்கு எல்லை வகுத்தல் என்னும் கொள்கை ஆய்வுகூடத்துக்கு வெளியே மனித உயிர்களைக் காத்த ஒரு சந்தர்ப்பமாக அப்பலோ 11 பயணத்தைக் குறிப்பிடலாம். சந்திரனில் இறங்கிய கலத்தின் வழிகாட்டற் கணனி 36,864 சொற்கள் கொண்ட நிலையான நினைவகத்தையும் 2,048 சொற்கள் மட்டுமே கொண்ட அழித்தெழுதத்தக்க நினைவகத்தையும் உடையது. காவிகளையும் தாயங்களையும் கொண்டு செய்யவேண்டிய கணிப்புக்களை அதன் குறுகிய பொறிமொழியில் எழுதுவது இடத்தை விழுங்கும் என்பதால், அவற்றுக்கெனச் சுருக்கமான மொழியொன்றும் அதனை நிறைவேற்றும் உரைபெயர்ப்பியும் கணனியுள் வைக்கப்பட்டிருந்தன. உரைபெயர்ப்பியின் துணையை நாடும் ஒவ்வொரு வேலைக்கும் அழித்தெழுதத்தக்க நினைவகத்தில் ஒரு தனிப் பணிக்களம் ஒதுக்கப்படவேண்டும். இத்தகைய பணிக்களங்கள் ஐந்து மட்டுமே இருந்தன.

1969 ஜூலை 20 ஆம் திகதி ஆம்ஸ்ரோங், அல்ட்றின் ஆகிய இருவரும் இறங்கிக்கொண்டிருந்தவேளை கணனி 1202 என்ற அபாய எண்ணைக் காட்டியது. இறக்கத்தின்போது அவ்வெண் நான்கு முறையும் 1201 என்ற எண் ஒரு முறையும் தோன்றின. புதிய வேலையொன்றைத் தொடங்குவதற்கான அடிப்படை இடம் இல்லை என்பது முன்னையதன் பொருள். உரைபெயர்ப்பிக்குரிய பணிக்களம் இல்லை என்பது பின்னையதன் பொருள். கலங்கள் மீண்டும் சந்திப்பதற்கான றேடாரின் மின்னிணைப்பிலிருந்த பொருத்தமின்மையாற் பயனற்ற துடிப்புக்கள் இடையறாது வந்து கணனியின் நேரத்தில் ஏறத்தாழ 13 வீதத்தைக் கவர்ந்துகொண்டன. இரண்டு செக்கனுக்கு ஒருமுறை தொடங்கப்படும் வழிகாட்டற் கணிப்பு, அடுத்தது தொடங்குமுன் முடிவுறாமற்போயிற்று. முடியாத வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. இடம் தீர்ந்தது.

சாதாரண கணனியொன்றில் இது கொல்பிழை. அப்பலோவின் செய்நிரலாளர் இதனை எதிர்பார்த்தே கணனியை அமைத்திருந்தனர். இடமின்மை கண்டறியப்பட்டதும் கணனி அபாய எண்ணைக் காட்டி, வரிசையிலிருந்த வேலைகள் அனைத்தையும் துடைத்தெறிந்து, தன்னைத் தானே மீளத் தொடங்கியது. ஆனால் அது வெறுமையிலிருந்து தொடங்கவில்லை. இன்றியமையாத ஒவ்வொரு வேலையும் தான் எக்கட்டத்தை அடைந்துள்ளது என்பதை அவ்வப்போது பதிவுசெய்து வந்தது. மீளத் தொடங்கும்போது அப்பதிவுகளைக் கொண்டு எந்திரத்தைக் கட்டுப்படுத்தலும் வழிகாட்டலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. வீரர்களின் வேண்டுகோளின்படி எண்களைத் தொடர்ந்து காட்சிப்படுத்திய வேலை போன்ற, காக்கப்படாத வேலைகள் மடியவிடப்பட்டன. லிஸ்ப் கைந்நூல் நிபந்தனையாகச் சொன்னதை அப்பலோவின் செய்நிரல் தனது கடமையாகவே ஏற்றுக்கொண்டது எனலாம்.

பொறியின் பங்கு இவ்வளவே. எஞ்சிய முடிவு மனிதருடையது. புறப்பாட்டிற்குச் சிறிது காலத்திற்கு முன் நிகழ்ந்த பயிற்சியொன்றில் 1201 என்ற எண் தோன்றியபோது வழிகாட்டற் பொறுப்பதிகாரியான ஸ்ரீவ் பேல்ஸ் இறக்கத்தைக் கைவிடுமாறு கூறியிருந்தார். அது தேவையற்ற முடிவு எனப் பின்னர் தெரிந்தமையால், அபாய எண்கள் அனைத்தையும் அவற்றுக்கு ஆற்றவேண்டியவற்றையும் ஆராய்ந்து பட்டியலிடும் பணி ஜக் கார்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தமது கையால் எழுதி வைத்திருந்த அப்பட்டியலே உண்மையான இறக்கத்தின்போது உதவியது. அபாயம் தொடர்ந்து நில்லாவிடின் இறங்கலாம் என்ற விடை சில செக்கன்களுள் வழங்கப்பட்டது. அவ்வேளை பேல்ஸுக்கு வயது 26, கார்மனுக்கு 24. பிழையை மறைக்காமல் எண்ணாகக் காட்டிய பொறியும், அவ்வெண்ணின் பொருளை முன்னரே கற்றுவைத்திருந்த மனிதரும் ஒருங்கே இருந்தமையாலேயே அவ்விறக்கம் நிறைவேறிற்று.

தொடர்வதா, முடிப்பதா?

1964 ஆம் ஆண்டுமுதல் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய பி.எல்./வண் மொழியில், பூச்சியத்தால் வகுத்தல், கோப்பு முடிவுறல் போன்ற நிலைமைகள் எழும்போது நிறைவேற்றவேண்டிய கூற்றுக்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி இருந்தது. அக்கூற்றுக்கள் முடிந்தபின், பல சந்தர்ப்பங்களில், பிழை நேர்ந்த இடத்துக்கே மீண்டு கணிப்பைத் தொடரவும் முடிந்தது. 1975 இல் ஜோன் குடினவ் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் பிரச்சினைகளை முறையாக வகுத்துக் காட்டியது. பிழை எவ்விடத்தில் நேர்ந்ததோ அவ்விடத்திலுள்ள செய்நிரலுக்கு நடந்தது யாதெனத் தெரியும். ஆனால் அதற்கு யாது செய்வது எனத் தெரியாது. அதனை அழைத்த மேல்நிலைச் செய்நிரலுக்கு யாது செய்வதெனத் தெரியும். நடந்தது யாதெனத் தெரியாது. இவ்விரண்டுக்குமிடையே செய்தியைக் கொண்டுசெல்லும் தூதே பின்னர் "விதிவிலக்கு" என்ற பெயரில் மொழிகளில் நிலைபெற்றது.

தூது சென்றபின் கணிப்பைப் பிழை நேர்ந்த இடத்திலேயே தொடர்வதா, அன்றி அப்பகுதியை முடித்துவிட்டு மேல்நிலையிலிருந்து தொடர்வதா என்ற விவாதம் நெடுங்காலம் நிலவியது. பார்பரா லிஸ்கொவ் தலைமையில் வகுக்கப்பட்ட சி.எல்.யூ. மொழி முடித்தலையே தேர்ந்தது. இத்தேர்வுக்கான நியாயங்களை அவரும் அலன் சினைடரும் 1979 இல் விளக்கினர். செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வழங்கிய மெசா மொழியோ தொடர்தலுக்கும் இடமளித்தது. ஆயினும் அம்மொழியில் எழுதப்பட்ட பேரமைப்பொன்றிலே தொடர்தல் முறை பத்தாண்டுப் பயன்பாட்டில் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டமையை, சி பிளஸ் பிளஸ் மொழியை வகுத்த பியார்னே ஸ்ரௌஸ்ரப் தமது 1994 ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்துள்ளார். அனுபவம் முடித்தலுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. பிழை நேர்ந்த இடத்தின் நிலை ஐயத்துக்குரியதாகிவிட்டபின் அவ்விடத்தையே மீண்டும் நம்பிச் செல்வது அரிது என்பதே அதற்குரிய காரணம் எனலாம்.

இவ்வேளையில் எழுந்த எச்சரிக்கைக் குரலொன்றும் குறிப்பிடத்தக்கது. பிரித்தானிய அறிஞர் ரொனி ஹோர், 1980 இல் ரியூறிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், தாம் எலியற் கணனிகளுக்கு அல்கோல் மொழியை ஆக்கிய அனுபவத்தை நினைவுகூர்ந்தார். அணிகளின் எல்லைகளைச் செய்நிரல் மீறுகின்றதா என்பதை அம்மொழி ஒவ்வொரு முறையும் சோதித்தது. வேகத்தின்பொருட்டு இச்சோதனையை நிறுத்தும் வசதி வேண்டுமா எனப் பின்னர் கேட்டபோது, வேண்டாம் என்றே வாடிக்கையாளர் ஒருமுகமாக வற்புறுத்தினர். அவ்வுரையிலேயே, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கென வகுக்கப்பட்டுக்கொண்டிருந்த ஏடா மொழியின் சிக்கலையும், சிறப்பாக அதன் விதிவிலக்கு ஏற்பாட்டையும் அவர் கண்டித்தார். மொழியின் குறையால் அடுத்துத் திசைதவறும் றொக்கற் தீங்கற்ற பயணத்தில் இல்லாதிருக்கக்கூடும் என்பதும் அவர் எச்சரித்த ஒன்றாகும்.

ஏரியன் 5: விதித்தபடியே மடிந்த கணனி

பதினாறு ஆண்டுகளின் பின், 1996 ஜூன் 4 ஆம் திகதி, பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூறூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 றொக்கற்றின் முதற் பயணம் தொடங்கியது. அதன் செய்நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டுத் தொகுக்கப்பட்டது; உரைபெயர்ப்பியால் இயக்கப்பட்டதன்று. எனினும் கொல்பிழை பற்றிய வினா இரண்டுக்கும் பொதுவானது என்பதாலும், எல்லை வகுத்தலின் தோல்வியை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது என்பதாலும் ஈண்டு நோக்கத்தக்கது.

றொக்கற்றின் நிலையையும் வேகத்தையும் அளக்கும் கணனிகள் இரண்டு, ஒன்று பழுதுறின் மற்றையது தொழிற்படுமாறு அமைக்கப்பட்டிருந்தன. இவற்றின் செய்நிரல் ஏரியன் 4 இலிருந்து பெறப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிற்று எண்ணொன்றை 16 பிற்று முழுவெண்ணாக மாற்றும் படியொன்று அதில் இருந்தது. அவ்வடிவில் 32,767 இற்கு மேற்பட்ட எண் அடங்காது. ஏரியன் 5 இன் பாதை வேறுபட்டதாகலின் அவ்வெண் எல்லையைக் கடந்தது. இத்தகைய ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்கு காக்கப்பட்டிருந்தன. கணனியின் வேலைப்பளுவை 80 வீதத்துக்குள் வைத்திருக்கும் நோக்கில் மூன்று காக்கப்படாதே விடப்பட்டன. அவற்றுள் ஒன்றிலேயே விதிவிலக்கு எழுந்தது. அக்கணிப்போ புறப்பாட்டின் பின் ஏரியன் 5 இற்கு எவ்விதப் பயனும் அற்றது. ஏரியன் 4 இல், இறுதிக் கணங்களில் நிறுத்தப்பட்ட எண்ணிக்கையை விரைவில் மீளத் தொடங்குவதற்கென அது வைக்கப்பட்டிருந்தது.

விதிவிலக்கு எழுந்ததும் கணனி என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாகவே விதிக்கப்பட்டிருந்தது. பிழையை அறிவித்துவிட்டு, விபரங்களைப் பதிந்துவிட்டு, தன் இயக்கத்தை நிறுத்தவேண்டும். துணைக் கணனி முதலில் நின்றது. ஏறத்தாழ 50 மில்லிசெக்கன் கழித்து முதன்மைக் கணனியும் அதே காரணத்தால் நின்றது. அது அனுப்பிய பிழை விபரத்தைப் பறப்புத் தரவெனக் கொண்ட பிரதான கணனி எந்திரங்களின் தாரைகளை முழுமையாகத் திருப்பியது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராய்வதற்கென அமைக்கப்பட்ட "கிளஸ்ரர்" செய்மதிகள் நான்கும் றொக்கற்றுடன் அழிந்தன. பல ஆண்டுகள் உழைத்த விஞ்ஞானிகளின் கருவிகள் ஒரு நிமிடத்துக்குள் சிதறிப்போயின. அவற்றுக்குப் பதிலான செய்மதிகள் 2000 ஆம் ஆண்டிலேயே ஏவப்பட்டன.

ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக்குழு 1996 ஜூலை 19 இல் தன் அறிக்கையை அளித்தது. கணனியை நிறுத்துவது என்ற முடிவே இறுதியிற் கொல்பிழையாயிற்று என அக்குழு கண்டது. எழக்கூடிய கோளாறுகள் யாவும் தற்செயலான வன்பொருட் கோளாறுகளே என்ற எண்ணம் அவ்விதியின் பின்னால் இருந்தது. வன்பொருள் பழுதுற்றால் ஒன்று மடிய மற்றையது காக்கும். ஆனால் இரண்டிலும் இருந்தது ஒரே செய்நிரல், ஒரே பிழை, ஒரே உள்ளீடு. இரட்டையர் இருவரும் ஒரே நஞ்சை உண்டபின் ஒருவர் மற்றவரைக் காப்பது எங்ஙனம்? அப்பலோ கணனி பயனற்றதை மடியவிட்டு இன்றியமையாததைக் காத்தது. ஏரியன் கணனியோ பயனற்ற ஒரு கணிப்பின் பொருட்டு இன்றியமையாததை மடியவிட்டது.

மடிவைக் கண்காணித்தல்

மடியவிடுதலையே பாதுகாப்பின் அடிப்படையாகக் கொண்ட மரபும் இதே காலப்பகுதியில் வளர்ந்தது. 1974 இல் தொடங்கப்பட்ட ரண்டெம் நிறுவனம் இடையறாது இயங்கும் கணனிகளை ஆக்கியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கிறே 1985 இல் எழுதிய ஆய்வறிக்கையில், நடைமுறையிலுள்ள செய்நிரல்களில் எஞ்சும் பிழைகளிற் பல கணநேரச் சூழ்நிலையால் எழுபவை என்றும், மீளத் தொடங்கினால் அவை பெரும்பாலும் மறைந்துவிடும் என்றும் வாதிட்டார். ஐயுற்ற கணமே நின்றுவிடும் சிறு கூறுகளைக் கொண்டு நில்லாத பேரமைப்பை ஆக்கலாம் என்பது அவர் முடிபு.

சுவீடனில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஜோ ஆம்ஸ்ரோங் 1986 இல் தொடங்கிய ஏர்லாங் மொழி இக்கொள்கையை மொழியின் இயல்பாகவே ஆக்கியது. தொலைபேசி இணைப்பகங்களுக்கென வகுக்கப்பட்ட இம்மொழி முதலில் புறோலொக் மொழியில் எழுதப்பட்ட உரைபெயர்ப்பியாகவே தோன்றியது. இதில் ஒவ்வொரு பணியும் தனித்தனிச் செயன்முறையாக இயங்கும். ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று தொட முடியாது, செய்திகளையே பரிமாறிக்கொள்ளும். ஒரு செயன்முறை கொல்பிழையால் மடியும்போது அதனோடு பிணைக்கப்பட்ட மற்றையதற்கு மரணச்செய்தி சென்று சேரும். கண்காணிக்கும் செயன்முறை அதனைப் பெற்றுப் புதிய செயன்முறையைத் தூய நிலையிலிருந்து தொடங்கும். ஓர் உரையாடல் துண்டிக்கப்படலாம், இணைப்பகம் நில்லாது. லிஸ்ப் காலத்து நிபந்தனை இங்கு மொழியின் அமைப்பாலேயே நிறைவேற்றப்படுகின்றது. வெளியேயுள்ள எதனையும் தொட இயலாத கணிப்பு வெளியே சேதம் விளைவிப்பது எவ்வாறு? ஆம்ஸ்ரோங் 2003 இல் அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு இக்கருத்தை விரிவாக நிறுவுகின்றது.

ஏர்லாங் வகுத்த எல்லையிலும் ஒரு குறை உண்டு. மீளத் தொடங்குவதால் நீங்குவது கணநேரப் பிழையே. ஏரியன் 5 இல் நிகழ்ந்தது போன்று ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் எழும் பிழை, எத்தனை முறை மீளத் தொடங்கினும் எழவே செய்யும். எனவே குறித்த காலத்துள் பன்முறை மடியும் செயன்முறையை மீளத் தொடங்காது, கண்காணிப்பியும் தான் மடிந்து, முடிவைத் தனக்கு மேலுள்ள கண்காணிப்பிக்கு விடுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது.

அண்மைக் கால உரைபெயர்ப்பிகள்

அண்மைக் காலத்தில் மிகப் பரவலாக வழங்கும் உரைபெயர்ப்பிகளும் இவ்வழியே நடந்துவந்துள்ளன. இணையத்தளங்களை இயக்கும் பி.எச்.பி. மொழியில் விதிவிலக்குகள் 2004 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிற் சேர்க்கப்பட்டன. எனினும் இல்லாத சார்பொன்றை அழைத்தல் போன்றவை கொல்பிழைகளாகவே நீடித்தன. அவை நேர்ந்த கணமே செய்நிரல் நின்றது; இறுதிச் சடங்குபோல ஒரு முடிவுச் சார்பை இயக்குவதன்றி வேறு வழி இருக்கவில்லை. 2015 டிசெம்பரில் வெளிவந்த ஏழாம் பதிப்பு இவற்றுட் பலவற்றைப் பிடிக்கத்தக்கனவாக மாற்றியது. ஆயின் இவை பழைய விதிவிலக்கு வகையோடு சேர்க்கப்படாமல் "எரர்" என்னும் தனி வகையாக்கப்பட்டன. முன்னர் எழுதப்பட்ட செய்நிரல்கள் தாம் எதிர்பாராத கொல்பிழைகளையும் அறியாமற் பிடித்து விழுங்கிவிடலாகாது என்பதே இதன் நோக்கம். பிழைச்செய்திகளை அடக்கும் "அற்" என்னும் குறியைக் கொண்டு கொல்பிழையையும் மௌனமாக்க முடிந்த நிலை 2020 இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில் நீக்கப்பட்டது. மக்லிஸ்ப் 1972 இற் கற்ற பாடத்தின் மறுபதிப்பாகவே இதனைக் கொள்ளலாம்.

நினைவகம் தீர்ந்துபோதல் இன்றும் தனித்தன்மை வாய்ந்த கொல்பிழையாகவே உள்ளது. நினைவகம் இல்லை என அறிவிப்பதற்கும் நினைவகம் வேண்டும். ஆகவே பைதன் உரைபெயர்ப்பி இப்பிழைக்குரிய விதிவிலக்குப் பொருளையும், பிரேசிலில் 1993 இல் தோன்றிய லுவா உரைபெயர்ப்பி இதற்குரிய செய்தியையும் முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொள்கின்றன. பஞ்சம் வருமுன் விதைநெல்லைத் தனியே கட்டிவைக்கும் உழவனின் விவேகம் இது.

துபாசியே பிழைபடும் நிலையும் உண்டு. தனது உள்ளமைப்பே சிதைந்துள்ளதாகக் காணும்போது பைதன் உரைபெயர்ப்பி விதிவிலக்கு எதனையும் எழுப்புவதில்லை. பிழையை எழுதிவிட்டுத் தான் இயங்கும் செயன்முறை முழுவதையும் உடனே நிறுத்திவிடுகின்றது. விதிவிலக்கை எழுப்புவதும் பிடிப்பதும் அவ்வுள்ளமைப்பை நம்பியே நடைபெறவேண்டும். நம்பத்தகாத ஒன்றைக் கொண்டு மீட்சியை நிகழ்த்த முயல்வது பயனர்களின் தரவுகளையே அழித்துவிடக்கூடும். இவ்விடத்தில் மடிவதே பாதுகாப்பானது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கொல்பிழையைப் பாதுகாப்பாக எதிர்கொள்ளல் என்பது பிழையைப் பிடிக்கும் திறனால் மட்டும் அமைவதன்று என்பது புலனாகும். பிடிக்கும் கருவி 1962 ஆம் ஆண்டிலேயே இருந்தது. அதன்பின் நிகழ்ந்தவை யாவும், எது மடியலாம் என்பதற்கு உறுதியான எல்லையை வகுப்பதற்கும், மடிந்ததன் செய்தியை மறைக்காது உரியவரிடம் சேர்ப்பதற்கும், அவ்வெல்லைக்கு வெளியேயுள்ள நிலையைத் தூயதாக வைத்திருப்பதற்கும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளேயாகும். அப்பலோவில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்தன. ஏரியனில் எல்லை இருந்தது. ஆனால் அது தவறான இடத்தில் வகுக்கப்பட்டிருந்தது. பிழைச்செய்தி அனுப்பப்பட்டது, ஆனால் அது பிழைச்செய்தி எனப் பெறப்படவில்லை.

கணனிக்குப் பிழை பற்றிய அச்சம் இல்லை. எதனை இழக்கலாம், எதனை இழத்தலாகாது என்ற மதிப்பீடு அதனிடம் தோன்றுவதுமில்லை. அம்மதிப்பீட்டைப் பிழை நேர்வதற்கு முன்னரே, அமைதியான வேளையில், எழுதி வைக்கவேண்டியவர் மனிதரே. வங்கிகளும் மருத்துவமனைகளும் விமானங்களும் செய்நிரல்களையே நம்பி இயங்கும் இக்காலத்தில், ஒவ்வொரு செய்நிரலாளரும் கார்மனைப் போல அப்பட்டியலை முற்கூட்டியே எழுதிவைத்திருக்கின்றாரா என்பதே கேட்கப்படவேண்டிய வினாவாகும்.